கொரியத் திரை வழியே கொரிய வரலாற்றைப் படிப்பது எப்படி?

கொரிய வரலாற்றுத் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் ஆண்டு ஒன்று. அது எடுக்கப்பட்ட ஆண்டு மற்றொன்று. முதல் ஆண்டைத் தொடரே சொல்லிவிடும். இரண்டாவதை நாம்தான் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டைப் பற்றிய சேதியில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது ஆண்டில்தான் இருக்கிறது என்பது பல ஆண்டுகள் இவற்றைப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

2006-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தென் கொரியாவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் அந்த ஓராண்டிலேயே ஒரே பழங்காலத்தின் மீது பெருந்தொடர்களைத் தொடங்கின. எம்.பி.சி. நிறுவனம் கோகுர்யோ அரசை நிறுவியவரைப் பற்றி ‘ஜுமோங்’ தொடரை எடுத்தது, எஸ்.பி.எஸ். அதே அரசின் ஏழாம் நூற்றாண்டுத் தளபதி யோன் கேசோமுனை நாயகனாக்கியது, கே.பி.எஸ். கோகுர்யோ வீழ்ந்தபின் அதன் வழிவந்த பால்ஹே அரசை நிறுவிய தே ஜோ யோங்கைத் தேர்ந்தெடுத்தது. கோகுர்யோவின் நிலப்பரப்பில் பெரும்பகுதி இன்று வட கொரியாவிலும் சீனாவின் வடகிழக்கிலும் இருக்கிறது. 2002-இல் சீனா தொடங்கிய அரசு ஆய்வுத் திட்டம் ஒன்று, கோகுர்யோவைச் சீன வரலாற்றின் ஒரு வட்டார அரசாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2004-இல் கோகுர்யோக் கல்லறைகள் வட கொரியாவின் பெயரிலும் சீனாவின் பெயரிலும் தனித்தனியே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. தென் கொரியாவில் எழுந்த கொந்தளிப்பு இரண்டே ஆண்டுகளில் மாலை நேரத் தொடர்களாகிவிட்டது. 81 பகுதிகள் ஓடிய ‘ஜுமோங்’ தொடரை வெறும் வீரக் கதையாகப் பார்ப்பவருக்கு வாள்சண்டை கிடைக்கும். 2006 என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, எல்லைக்கு அப்பால் இருக்கும் மண்ணைக் கதையால் பிடித்துவைத்துக்கொள்ள முயலும் ஒரு நாடு தெரியும்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்குக் கொரியத் தொடர்கள் புதியவை அல்ல. இணையத் திரைத்தளங்கள் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே, 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழில் மொழிமாற்றி ஒளிபரப்பியது. அன்று பெரும்பாலும் வந்தவை காதல் கதைகள். அந்தக் காதல் கதைகளிலிருந்து அந்நாட்டின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் நகர விரும்புபவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

எங்கிருந்து தொடங்குவது?

பலர் காலவரிசைப்படி, கோகுர்யோ உள்ளிட்ட மூன்று அரசுகள் காலத்தில் தொடங்கி இன்றைக்கு வந்துசேர முயன்று, நூறு பகுதிகள் தாண்டுவதற்குள் பெயர்க் குழப்பத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். பின்னோக்கிச் செல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. அண்மைக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் உயிரோடு இருப்பதால், அந்தக் காலத்தைக் காட்டும் படைப்புகள் பொருள்களிலும் பேச்சிலும் எளிதில் பொய் சொல்ல முடியாது. பயணத்துக்குத் தேவையான எலும்புக்கூடு இவ்வளவே: கோர்யோ அரசு 918 முதல் 1392 வரை, ஜோசொன் அரசு 1392 முதல் 1897 வரை, அதன்பின் பேரரசு என்ற பெயரில் மேலும் சில ஆண்டுகள், ஜப்பானியக் காலனி ஆட்சி 1910 முதல் 1945 வரை, நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1950 முதல் 1953 வரை போர், 1961 முதல் 1987 வரை படைத்தலைவர்களின் ஆட்சி, அதன்பின் மக்களாட்சி, 1997-இல் பொருளாதாரச் சரிவு. இதைத் தாளின் மறுபக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

முதல் தொடராக ‘ரிப்ளை 1988’ பொருத்தமானது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் டி.வி.என். அலைவரிசையில் தொடங்கிய இத்தொடர், சியோலின் வடபகுதியில் உள்ள சங்முன்-தோங்கில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை பொருள்களுக்காகப் பாருங்கள். குளிர்காலத்தில் தரையைச் சூடாக்க எரிக்கப்படும் ‘யொன்தான்’ என்ற துளையிட்ட நிலக்கரி வில்லைகள், அவற்றிலிருந்து கசியும் நச்சுக் காற்றைப் பற்றிய அச்சம், ஒரு வீட்டில் சமைத்ததைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கு ஓட, வெறுங் கிண்ணத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாத அந்த வீடு வேறொன்றை நிரப்பி அனுப்புவது ஆகியவை எல்லாம் ஒரு தலைமுறை எதை இழந்ததாக நினைக்கிறது என்பதன் பட்டியல். சியோல் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையைத் தூக்கப் பயிற்சி எடுக்கும் நாயகி, அந்நாடு போட்டியையே புறக்கணித்துவிட்டதால் திகைத்து நிற்கிறாள். மடகாஸ்கர் 1988 விளையாட்டுகளைப் புறக்கணித்தது உண்மை. அதே வீட்டின் மூத்த மகள் மாணவர் போராட்டங்களில் ஈடுபடுவதைக் கண்டு பெற்றோர் நடுங்குகிறார்கள். இத்தனை அன்பான சந்தில் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களை ஓராண்டு பின்னால் தள்ளும்.

அங்கே ‘1987’ என்ற திரைப்படம் காத்திருக்கிறது. 2017-இல் வெளிவந்த இப்படம், 1987 ஜனவரி 14 அன்று சியோலின் நம்யோங்-தோங் காவல் விசாரணைக் கட்டடத்தில் பார்க் ஜோங் சொல் என்ற மாணவர் சித்திரவதையில் இறந்ததில் தொடங்கி, ஜூன் மாதத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி விழுந்த இ ஹன் யோல் என்ற மாணவரில் முடிகிறது. மேசையை ஓங்கித் தட்டியதும் மாணவர் அலறி விழுந்து இறந்துவிட்டார் என்று காவல் துறை தந்த விளக்கம் திரைக்கதாசிரியரின் கற்பனை போலத் தோன்றும். அது அன்றைய நாளிதழ்களில் அச்சான உண்மையான விளக்கம். இப்படத்தை ஒரு பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். பாத்திரங்களை உண்மையில் வாழ்ந்தவர்கள், படத்துக்காகப் படைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இறந்த மாணவரின் உடலை ஆய்வு செய்யாமல் எரிக்கக் கூடாது என்று தடுத்த அரசு வழக்கறிஞர் உண்மை. சிறைக்கு வெளியே செய்தி கடத்திய காவலர்களும் உண்மை. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் அந்த இளம்பெண் மட்டும் கற்பனை. ஏன் அவள் தேவைப்பட்டாள் என்று யோசித்தால், 2017-இல் திரையரங்குக்கு வந்த இளைஞர்களின் இருக்கை அவளுடையது என்பது புலப்படும். சித்திரவதை நடந்த அந்தக் கட்டடம் பிற்காலத்தில் மக்களாட்சியின் நினைவிடமாக மாற்றப்பட்டது.

ஒரே நிகழ்வு, மூன்று காலங்கள்

இந்த முறையில் நான் மிகவும் மதிக்கும் பயிற்சி, ஒரே நிகழ்வை வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படைப்புகளில் தொடர்ந்து பார்ப்பது. அதற்குக் குவாங்ஜுவைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை. 1979 அக்டோபர் 26 அன்று, 18 ஆண்டுகள் ஆண்ட பார்க் சுங் ஹீ தம் சொந்த உளவுத் துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 12 அன்று தளபதி சுன் டூ ஹ்வான் படைக்குள்ளேயே கவிழ்ப்பு நடத்தினார். 1980 மே மாதத்தில் படைச்சட்டத்தை (ராணுவச் சட்டத்தை) எதிர்த்துத் தெற்கில் உள்ள குவாங்ஜு நகரம் எழுந்தபோது, மே 18 முதல் 27 வரை படையினர் அந்நகரத்தை நசுக்கினர். உள்நாட்டு நாளிதழ்களும் தொலைக்காட்சியும் தணிக்கையில் இருந்ததால், நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இது கலகக்காரர்களின் வேலை என்றே சொல்லப்பட்டது.

முதலில் 1995-ஆம் ஆண்டின் ‘சாண்ட்கிளாஸ்’ தொடரைப் பாருங்கள். எஸ்.பி.எஸ். ஜனவரியிலும் பிப்ரவரியிலுமாக 24 பகுதிகளை ஒளிபரப்பிய இந்தத் தொடர், குவாங்ஜுவை மறைமுகமாக அன்றி நேரடியாக, உண்மைச் செய்திக் காட்சிகளையும் இணைத்து வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தது. மக்கள் அதற்காகவே முன்கூட்டி வீடு திரும்பியதால் அதற்கு ‘வீடுதிரும்பும் கடிகாரம்’ என்று பட்டப்பெயர் உண்டு. அவ்வாண்டு முடிவதற்குள் முன்னாள் குடியரசுத் தலைவர்கள் சுன் டூ ஹ்வானும் ரோ டே வூவும் கைது செய்யப்பட்டார்கள். ஒரு தொடரால் கைது நடந்தது என்று சொல்வது மிகை. பேசக்கூடிய காலம் வந்துவிட்டதைத் தொடரும் நீதிமன்றமும் ஒரே ஆண்டில் உணர்ந்தன என்று சொல்வதே சரி.

அடுத்து, 2000 ஜனவரி 1 அன்று திரையரங்குகளுக்கு வந்த ‘பெப்பர்மின்ட் கேண்டி’. இயக்குநர் இ சாங் தோங் இதில் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்: 1999-இல் ரயில் முன் நிற்கும் ஒருவனிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி, 1979-இல் ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கும் அதே இளைஞனை வந்தடைகிறார். இடையில் அவன் தொழில்முனைவோனாக, சித்திரவதை செய்யும் காவலனாக, குவாங்ஜுவுக்கு அனுப்பப்பட்ட நடுங்கும் படைவீரனாகத் தெரிகிறான். 1995-இல் கொல்லப்பட்டவர்களின் பக்கம் இருந்த கேமரா, ஐந்தே ஆண்டுகளில் சுட்டவனின் பக்கம் போய் அவனும் எப்படி அழிந்தான் என்று கேட்கும் அளவுக்குத் துணிந்துவிட்டது. இயக்குநர் 2003-இல் அந்நாட்டின் பண்பாட்டுத் துறை அமைச்சரானார் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, 2017-இல் வந்த ‘எ டாக்ஸி டிரைவர்’. ஜெர்மன் தொலைக்காட்சிச் செய்தியாளர் யுர்கன் ஹின்ஸ்பீட்டரைக் குவாங்ஜுவுக்குள் அழைத்துச் சென்று வெளியே கொண்டுவந்த சியோல் வாடகைக்கார் ஓட்டுநரின் கதை இது. செய்தியாளர் உண்மை, அவர் படச்சுருளை இனிப்புப் பிஸ்கட் டப்பாவுக்குள் ஒளித்துக் கடத்தியதும் உண்மை, இறுதியில் வரும் கார்த் துரத்தல் திரையரங்குக்கானது. கிம் சா போக் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஓட்டுநரைப் பல ஆண்டுகள் தேடிய ஹின்ஸ்பீட்டர், கண்டுபிடிக்காமலே 2016-இல் மறைந்தார். படம் வெளிவந்த பிறகுதான் ஓட்டுநரின் மகன் முன்வந்து, தந்தை 1984-லேயே இறந்துவிட்டதைச் சொன்னார். வரலாற்றிலிருந்து பிறந்த படம் வரலாற்றில் விடுபட்ட ஓர் இடத்தை நிரப்பிய அரிய நிகழ்வு இது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்த இப்படத்தில், மைய மனிதர் எதுவும் அறியாமல் வெளியிலிருந்து வருபவர். 37 ஆண்டுகள் கழித்துப் பிறர் சொல்லக் கேட்டு அறியும் தலைமுறைக்கு அவரே வழிகாட்டி.

இந்தப் பயிற்சியோடு 2023-இல் வந்த ‘12.12: தி டே’ திரைப்படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979 டிசம்பர் 12 இரவின் கவிழ்ப்பை மணிக்கணக்கில் காட்டும் இப்படத்தை 1 கோடியே 30 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர் 3 இரவில் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் படைச்சட்டத்தை அறிவித்தபோது, அது பாடநூலில் மட்டும் படித்த சொல்லாக அந்நாட்டு இளைஞர்களுக்கு இருக்கவில்லை. நாடாளுமன்ற வாயிலில் மக்கள் கூடினார்கள். உள்ளே வந்துசேர்ந்த 190 உறுப்பினர்களும் ஒருமனதாக அறிவிப்பை நீக்க வாக்களித்தார்கள். விடிவதற்குள் படைச்சட்டம் விலக்கப்பட்டது.

தொலைக்காட்சியே ஆவணமாகும்போது

வரலாற்றைக் காட்டும் தொடர்களை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டாம். தொலைக்காட்சியே வரலாறாக மாறிய ஒரு நிகழ்ச்சி அங்கே உண்டு. 1983 ஜூன் 30 அன்று, போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரலை ஒன்றைக் கே.பி.எஸ். தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டமிடப்பட்ட அந்த நிகழ்ச்சி நவம்பர் 14 வரை 138 நாள்களில், மொத்தம் 453 மணி 45 நிமிடங்கள் ஓடியது. நிலையத்தின் சுவர்களிலும் வெளித் திடலிலும் ஆயிரக்கணக்கான தேடல் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பெயரும் ஊரும் தாயின் முகமும் மறந்துபோன நடுவயதினர், உடம்பில் உள்ள ஒரு தழும்பையோ வீட்டு முற்றத்தில் நின்ற மரத்தையோ சொல்லி உடன்பிறந்தவரைக் கண்டுகொண்டார்கள். 10,189 பேர் தம் உறவுகளை அடைந்தார்கள். அந்த ஒளிப்பதிவுகளையும் ஆவணங்களையும் யுனெஸ்கோ 2015-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மொழி புரியாவிட்டாலும் அதன் துணுக்குகளைத் தேடிப் பாருங்கள். இரண்டு நகரங்களில் உள்ள நிலையங்களைப் பிளந்த திரையில் இணைத்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு உறுதிப்படுத்தும் அந்த நிமிடங்களுக்கு வசனவரி தேவைப்படாது.

அதன்பின் ‘ஓட் டு மை ஃபாதர்’ படத்தைப் பார்த்தால் அதன் பலமும் குறையும் ஒருசேரத் தெரியும். 2014-இல் வந்த இப்படம், 1950 டிசம்பரில் வடக்கில் உள்ள ஹுங்னம் துறைமுகத்திலிருந்து அகதிகள் கப்பலேறியது, மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொரியர்கள் வேலைக்குப் போனது, வியட்நாம் போர், 1983-இன் நேரலை ஆகிய அனைத்தையும் பூசான் சந்தைக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் கோத்துக் காட்டுகிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட சர்வாதிகாரம் என்ற ஒன்று அவர் கண்ணில் படவில்லை. தம்பதியர் சண்டைக்கு நடுவே கொடிக்கு வணக்கம் செலுத்தும் காட்சியை அன்றைய குடியரசுத் தலைவர் பார்க் குன் ஹே, பார்க் சுங் ஹீயின் மகள், நாட்டுப்பற்றுக்கு எடுத்துக்காட்டாகப் புகழ்ந்தார். அந்தக் காட்சியைக் கேலியாகவே எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். படம் எதைக் காட்டவில்லை என்பதையும் தாளில் எழுதும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

வடக்கைப் பற்றிய படங்களுக்கு இரண்டு ஆண்டு விதி இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 1965-இல் இயக்குநர் இ மன் ஹி, வட கொரியப் படைவீரர்களை மனிதத்தன்மையோடு காட்டினார் என்பதற்காகக் கம்யூனிச எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். எல்லைக் காவல் நிலையத்தில் இருபுறத்து வீரர்களும் நண்பர்களாகும் கதையைச் சொன்ன ‘ஜே.எஸ்.ஏ.’ 2000 செப்டம்பரில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் இரு கொரியத் தலைவர்களும் பியோங்யாங்கில் முதன்முறையாகச் சந்தித்திருந்தார்கள்.

காலனிக் காலத்துக்கு ஒரே ஒரு தொடரைச் சொல்லி நகர்கிறேன். 2018-இல் வந்த ‘மிஸ்டர் சன்ஷைன்’, நாடு பறிபோகும் ஆண்டுகளில் ஆயுதம் ஏந்திய பொதுமக்கள் படையைக் காட்டுகிறது. 1907-இல் செய்தியாளர் பிரெடரிக் மெக்கென்சி எடுத்த அந்தப் படையினரின் புகைப்படத்தைத் தொடர் அப்படியே நடிகர்களைக்கொண்டு மறுபடி நிறுத்திக் காட்டும். அந்தப் புகைப்படத்தை முன்னரே பார்த்து வைத்துக்கொண்டால் காட்சி வரும்போது நெஞ்சு அடைக்கும். மற்றபடி இக்காலத்துப் படங்கள் பல, அழகான கோட்டும் துப்பாக்கியுமாக ஒரே அச்சில் வார்த்தவை.

அரண்மனைக் கதைகளை எப்படிச் சரிபார்ப்பது?

வரலாற்றுத் தொடர்களுக்குக் கொரிய மொழியில் ‘சாகுக்’ என்று பெயர். அவற்றில் பல ஜோசொன் அரசர்களைப் பற்றியவை. இவற்றைச் சரிபார்க்க உலகில் வேறு நாடுகளுக்கு எளிதில் கிடைக்காத ஒரு வசதி கொரியாவுக்கு உண்டு. ஜோசொன் அரசர்களின் நாளேடுகள் 1392-இலிருந்து 472 ஆண்டுகளை 888 கட்டுகளில் பதிந்து வைத்திருக்கின்றன. அரசவையில் எழுத்தர்கள் அமர்ந்து அனைத்தையும் குறித்தார்கள். தன்னைப் பற்றி எழுதப்பட்டதை அரசனே படிக்க முடியாது. 1404-இல் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்த அரசர் தேஜோங், எழுந்ததும் எழுத்தருக்கு இது தெரிய வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நாளேட்டில் இருக்கிறது. முழுத் தொகுப்பும் நவீனக் கொரிய மொழிபெயர்ப்புடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு நாமும் ஓரளவு தேடலாம்.

எம்.பி.சி.யின் ‘தே ஜாங் கும்’ தொடரை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். 2003, 2004 ஆண்டுகளில் ஓடி ஆசியா முழுவதும் பரவிய இத்தொடர் 54 பகுதிகள் கொண்டது. நாளேட்டில் ஜாங் கும் என்ற பெண் மருத்துவரைப் பற்றி இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமான சில குறிப்புகள். தம் நோயின் நிலை அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்று 1544-இல் அரசர் சுங்ஜோங் கூறியது அவற்றில் ஒன்று. அவர் அரண்மனை அடுக்களையில் வளர்ந்தார் என்பதற்குச் சான்று கிடையாது. அதற்காகத் தொடர் பொய் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆண்களே எழுதி ஆண்களைப் பற்றியே நிரம்பிய ஏட்டில் ஒற்றை வரியாக நின்ற பெண்ணை, உழைப்பால் உயரும் நாயகியாக 2003-இன் கொரியா விரித்துக்கொண்டது. சாப்பாட்டுக் காட்சிகளில் வேறொரு சோதனை செய்யலாம். மிளகாய் கொரியாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானுடன் நடந்த போர்களை ஒட்டியே என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆகவே அதற்கு முந்தைய அரசர் ஒருவரின் தட்டில், புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சி சிவப்பாக இருந்தால் புன்னகைத்துக்கொள்ளுங்கள். மிளகாயைப் போர்த்துக்கீசியர் கொண்டுவருவதற்கு முன் மிளகை மட்டுமே நம்பியிருந்த நமக்கு இந்தத் தவறு எளிதில் கண்ணில் படும். சோழர் காலத் திரைவிருந்துகளிலும் இதையே தேடலாம்.

கடற்போர்ப் படமான ‘மியோங்ரியாங்’ வேறு வகைப் பாடம். 1597-இல் தளபதி இ சுன் சின் 13 கப்பல்களைக்கொண்டு ஜப்பானியக் கடற்படையை இடுக்கமான நீரிணையில் முறியடித்தார். அவருடைய போர்க்கால நாட்குறிப்பு எதிரிக் கப்பல்கள் 133 என்கிறது. படம் 330 என்று உயர்த்திக்கொண்டது. 1 கோடியே 76 லட்சம் பேர் பார்த்த இந்தப் படம் அந்நாட்டில் வேறெந்தப் படமும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்டது. அது திரைக்கு வந்தது 2014 ஜூலை 30. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று, பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள் நிறைந்த சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்திருந்தார்கள். பயணிகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கப்பல் தலைவர் முதலில் தப்பினார். அந்தக் கோடையில் கப்பலை விட்டு நீங்காத ஒரு தலைவரைப் பார்க்க மக்கள் ஏன் அத்தனை பேர் வந்தார்கள் என்று விளக்கப் பெரிய திறனாய்வு தேவையில்லை. இதே படத்தில் கோழையும் சதிகாரருமாகக் காட்டப்பட்ட பே சொல் என்ற அதிகாரியின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரை இழிவுபடுத்தியதாகப் படக்குழுவின்மீது புகார் கொடுத்தார்கள். போருக்கு முன் அவர் ஓடிப்போனார் என்பது வரலாறு. தளபதியைக் கொல்ல முயன்றார் என்பது திரைக்கதை. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் குலப் பதிவேடுகள் உயிரோடிருக்கும் சமுதாயம் அது என்பதைப் படத்தைவிட அந்தப் புகார் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே, ஒரு தொடரைப் பார்த்து முடித்தபின் அது அங்கே என்ன சண்டையைக் கிளப்பியது என்று தேடுங்கள். 2021 மார்ச்சில் எஸ்.பி.எஸ். தொடங்கிய ‘ஜோசொன் எக்சார்சிஸ்ட்’ இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. பேய்க் கதை என்பதால் அன்று. ஜோசொன் காலத்து விருந்தில் சீனத்து நிலாப் பலகாரமும் பதப்படுத்திய முட்டையும் இருந்ததும், அரசர் தேஜோங்கைச் சித்திரித்த விதமும் மக்களைச் சினங்கொள்ளச் செய்தன. விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கிம்ச்சியும் ஹன்போக் உடையும் யாருடையவை என்று சீனாவுடன் இணையத்தில் வாக்குவாதம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை.

வசனவரி மறைப்பதைக் காது கண்டுபிடிக்கும்

பண்பாட்டை அறிய வசனவரியை மட்டும் நம்பக் கூடாது. கொரிய மொழியில் மரியாதைப் பேச்சும் இயல்புப் பேச்சும் வினைமுற்றிலேயே பிரிந்து நிற்கின்றன. யார் யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்பதை வயதும் பதவியும் முடிவு செய்கின்றன. இரண்டு பேர் மரியாதைப் பேச்சை விட்டு ஒருமைக்கு இறங்கும் கணம் காதல் தொடர்களில் பெரிய திருப்பம். ஆங்கில வசனவரியில் அது முற்றிலும் கரைந்துபோகும். ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் இடையிலான தூரத்தைப் பிறந்ததிலிருந்து அளந்து பழகியவர்கள் நாம், வாக்கிய இறுதியில் ‘யோ’ என்ற ஒலி நின்றுபோவதைக் கவனித்தாலே போதும். பெரியவர் முன் மதுக்கிண்ணத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அருந்துவது, இரு கைகளாலும் ஊற்றுவது, நலம் கேட்பதற்குப் பதிலாக ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது ஆகியவற்றுக்கும் நமக்கு விளக்கவுரை தேவைப்படாது.

‘பாரசைட்’ படத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஆங்கில வசனவரிக்காக சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஆக்ஸ்ஃபோர்டாக மாற்றப்பட்டது. இரண்டு மலிவான நூடுல்ஸ் வகைகளைக் கலந்த ‘ஜபகுரி’ புதுப்பெயர் பெற்றது. மலிவு நூடுல்ஸின் மேல் விலையுயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்லும் வீட்டுத் தலைவியின் பழக்கத்தில் இருக்கும் வர்க்கக் கிண்டல் அந்தப் பெயரோடு பாதி போய்விட்டது. ஏழைக் குடும்பம் வாழும் ‘பஞ்ஜிஹா’ என்ற பாதி நிலத்தடி வீடும் கலை இயக்குநரின் கற்பனை அன்று. வடக்கின் தாக்குதலுக்கு அஞ்சிய அரசு 1970-இல் கட்டடங்களில் பதுங்குவதற்கான நிலவறைகளை வலியுறுத்தியது. நகரம் பெருகி இடம் போதாமல் போனபோது அவை வாடகை வீடுகளாயின. போரின் பயமே ஏழைகளின் முகவரியான கதை அந்த ஒரு சன்னலில் அடங்கியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ‘அப்பா’, ‘ஓம்மா’ என்று கேட்டவுடன் தமிழர்களே கொரியர்கள் என்ற முடிவுக்கு ஓடிவிட வேண்டாம். அப்பா, அம்மா போன்ற குழந்தைச் சொற்கள் தொடர்பே இல்லாத மொழிகளிலும் ஒத்துப்போகும். இந்த உறவுக்குச் சான்றாகச் சொல்லப்படும் கதை ஒன்றும் உண்டு. பழங்காலக் கயா அரசின் அரசர் சுரோவை மணக்கக் கடல் கடந்து வந்த ஹோ ஹ்வாங் ஒக் என்ற இளவரசியைப் பற்றிச் சொல்வது பதின்மூன்றாம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’ என்ற நூல். அவர் ஊரை அது ‘அயுதா’ என்கிறது. அயோத்தி என்பாரும் உண்டு, தமிழகக் கரை என்பாரும் உண்டு. நூலில் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

பழைய படங்களுக்குப் பணம் செலவிட வேண்டாம். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் யூடியூப் பக்கத்தில் பல பத்தாண்டுகளின் செவ்வியல் படங்களை வசனவரிகளோடு இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் யூ ஹ்யோன் மோக் இயக்கிய ‘ஓபல்தான்’ படத்தைத் தேடிப் பாருங்கள். போருக்குப் பிந்தைய சியோலின் குடிசைப் பகுதியில் ஒரு கணக்கர் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு அலுவலகம் போய் வருகிறார். சித்தம் கலங்கிய தாய் படுத்த படுக்கையிலிருந்து ‘போவோம்!’ என்று கத்திக்கொண்டே இருக்கிறார்.  தாளில் எழுத வேண்டிய ஆண்டு 1961. முந்தைய ஆண்டு ஏப்ரலில் மாணவர் எழுச்சி ஓர் அரசைக் கவிழ்த்திருந்தது. அதன்பின் கிடைத்த ஓராண்டுச் சுதந்திரத்தில் இப்படம் உருவாகித் திரைக்கும் வந்தது. மே 16 அன்று படைத்தலைவர்கள் ஆட்சியைப் பிடித்தபின் இது தடை செய்யப்பட்டது. வெளிநாட்டார் பார்ப்பதற்காக ஆங்கில வசனவரியைப் படத்தின் மேலேயே பதித்து சான்பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவுக்கு அனுப்பிய பிரதியே பிற்காலத்துக்குப் பிழைத்துக் கிடைத்தது.